உண்டாக்கியவர்

நவம்பர். டுலூத்தில் நிலம் உறைய
இன்னும் பத்து நாள் இருக்கலாம்.
குழந்தைகள் காப்பகத்துக்குத் தண்ணீர்க்குழாய் பதிக்க
எட்டடி ஆழம் போயிருந்தோம்.
டெல்பர்ட் ஹூல் வாளியை அந்தரத்தில் நிறுத்தினான்,
எஞ்சினை அணைத்தான்,
கையுறையைக் கழற்றி
மூக்கருகே இரண்டு விரலை ஆட்டினான்.

அவ்வளவுதான். வேலை நின்றது.

ஐந்தடி வரை செங்களி.
அதன் கீழே சாம்பலில் ஒரு பட்டை,
ஓரங்களில் பாசிப்பச்சை.
குழியில் ஊறிய கையளவு நீரில்
மயில்கழுத்து நிறம்.

என் வேலை எளிது.
ஒரு பை. பாதி மண், பாதி காற்று.
வாயைக் கட்டிக் குலுக்கி
வண்டிக்குள் ஹீட்டர் முன்னால்
கோழிக்குஞ்சைப் போலப் பத்து நிமிடம் வைத்திருந்து
கருவியின் மூக்கை உள்ளே நுழைக்க வேண்டும்.
இருநூற்றுப் பதினேழு.
அடுத்த பை, நானூற்று மூன்று.
மண்வாசனைக்கு இங்கே இலக்கம் உண்டு.

என் மூக்கை நம்பக்கூடாது என்பது விதி.
காலையில் தலைசுற்ற வைத்தது
மதியத்தில் வெறும் குளிர்காற்று.
பழகிவிட்டால் இல்லையென்று ஆகிவிடுகிறது.
(என் திருமணத்தின் கடைசி வருடமும் இப்படித்தான்.
களக்குறிப்பேட்டில் இதற்கு இடமில்லை.)

நல்ல மண் இடப்பக்கம், கெட்டது வலப்பக்கம்.
கெட்டதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, மேலே ஒன்று,
சுற்றிலும் வரப்பு, மழைநீர் புகாமல்.
இரவு இரண்டு மணிக்கு ஏரிக்காற்று
மேல்விரிப்பைப் பிடுங்கிக்கொண்டு போனது.
தலைவிளக்கோடு போய்த் துரத்திப் பிடித்தேன்.
பழைய டயர்களை உருட்டி ஏற்றினேன்.
போதவில்லை.
பனி விழத் தொடங்கும்வரை
குவியலின் மேல் நானே உட்கார்ந்திருந்தேன்,
கறுப்பு முட்டையை அடைகாக்கும் பறவை மாதிரி.
மேலதிக நேரம் எழுதிக்கொள்ளவில்லை.

மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கம் டோய்வோ காங்கஸ்.
வேட்டைக்காரரின் ஆரஞ்சு மேலங்கி.
அவன் கொட்டகைக்குள்
தலைகீழாக ஒரு மான் தொங்கிக்கொண்டிருந்தது.
"என் பக்கமும் இருக்கா?"
ஆய்வகத்திலிருந்து முடிவு வரும்வரை
அண்டைவீட்டாரிடம் எதுவும் பேசக்கூடாது;
இதுவும் விதி.
வேலியை ஒட்டிய குழிச்சுவரில்
அப்போதுதான் பை எடுத்திருந்தேன்.
தக்காளி போட்டிருந்த இடத்தைக் காட்டினான்.
நாய் புதைத்த இடத்தையும்.
நான் பேசவில்லை.
கருவியின் திரையை மட்டும்
அவன் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.
முந்நூற்றுத் தொண்ணூறு.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
இன்னொரு தடவை படித்தான்.
பிறகு மானிடம் திரும்பிப் போனான்.

லாரிகள் வந்தன.
ரெனே பெல்லாஞ்சர் டீசல் உறுமலை நிறுத்தாமல்
ஜன்னல் வழியே படிவத்தை நீட்டினாள்.
கழிவின் வகை. எடை. போய்ச்சேரும் இடம்.
உண்டாக்கியவர்:
அந்தக் கட்டத்தில் பேனா நின்றது.

எழுபத்தொன்றில் மூடிய பங்க்.
நடத்தியவன் கல்லறைக்குப் போய்விட்டான்.
எண்ணெய் விற்ற கம்பெனியை இன்னொன்று வாங்கியது,
அதை வேறொன்று விழுங்கியது,
அது பெயரை மாற்றிக்கொண்டு
இப்போது காற்றாலைப் படம் போட்டு விளம்பரம் செய்கிறது.
தொட்டியின் தையலில் ஒரு ஊசித்துளை.
வரிசையில் நின்று நிரப்பிக்கொண்டு
ஏரிக்கரைக்குச் சுற்றுலா போனவர்கள் எத்தனை பேர்.

"சீக்கிரம்," என்றாள் ரெனே. "குப்பைமேடு நாலுக்கு மூடிடும்."
அலுவலகம் சொல்லியிருந்தபடி
நகராட்சியின் பெயரை எழுதினேன்.
கட்டம் சின்னது.

வீட்டுக்குப் போகும் வழியில்
என் வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தது.
நிரப்பி முடித்துக் குழாயை எடுக்கையில்
ஒரு துளி கான்கிரீட்டில் விழுந்தது.
அங்கே ஏற்கெனவே பழைய கறைகள்,
ஒன்றன்மேல் ஒன்று.
குனிந்து பார்த்தேன். மணக்கவில்லை.
பூட்ஸால் தேய்த்தேன்.

நாளைக் காலை ஏழு மணிக்கு
இருபத்தாறாவது நடை.